எலியைக் காட்சிக்கு வைத்த மியூசியம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய்வந்தவர்களிடம் 'என்னென்ன பார்த்தீர்கள்?' என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வெள்ளை மாளிகையின் வேலிக்கு வெளியே நின்று ஒரு போட்டோ. லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு போட்டோ. அப்புறம் 'நேஷனல் மால்'. கடைகள் இருக்கும் மால் இல்லை, நீளமான புல்வெளி. அதன் இருபுறமும் வரிசையாக ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகங்கள் நிற்கின்றன. விமானங்கள், ராக்கெட்டுகள், டைனோசர் எலும்புகள், ஹோப் வைரம். எதற்கும் கட்டணம் கிடையாது. குழந்தைகளோடு காலையில் உள்ளே நுழைந்தவர்கள் மாலையில் கால் வலியோடுதான் வெளியே வருவார்கள்.

இதே ஸ்மித்சோனியனுக்குச் சொந்தமான இன்னொரு மியூசியம் ஆற்றுக்கு அக்கரையில், ஒரு குன்றின் மேல் இருக்கிறது. சுற்றுலா பஸ்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே வைரமும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. அந்த மியூசியத்தைப் பற்றி இன்றைக்கும் பேசவைக்கும் காட்சி எது தெரியுமா? எலி! 1969-ம் ஆண்டில் உயிருள்ள எலிகளையே காட்சிக்கு வைத்தார்கள். மியூசியத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை நிபுணர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யாமல், ஊர்க்காரர்களின் பேச்சுக்குக் காது கொடுத்ததால் வந்த எலி அது.

ஊரின் பெயர் அனகோஸ்டியா.

மாலுக்குப் பக்கத்தில் இருக்கும் லான்ஃபான் பிளாசா மெட்ரோ நிலையத்தில் பச்சை வழித்தட ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம். ரயில் ஆற்றுக்கு அடியில் போவதால் ஆறு கண்ணில் படாது. சாலை வழியாகப் பாலத்தில் போனால் பார்க்கலாம். ஆற்றின் பெயரும் அனகோஸ்டியாதான். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பு இந்தக் கரைகளில் வாழ்ந்த நகோட்ச்டாங்க் பழங்குடி மக்களின் பெயர் மருவி அப்படி ஆகியிருக்கிறது. வாஷிங்டனின் இன்னொரு நதியான பொட்டோமாக்குக்குக் கிடைத்த மரியாதை இதற்குக் கிடைக்கவில்லை. நகரத்தின் சாக்கடையும் குப்பையும் பல காலம் இதில்தான் சேர்ந்தன.

சரித்திரப் பாடத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு தகவல். 1865 ஏப்ரல் 14-ம் தேதி இரவு, நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத், குதிரையில் தப்பி ஓடியது இந்த ஆற்றுப் பாலத்தின் வழியாகத்தான். இப்போது இருப்பது அந்தப் பாலம் அல்ல. அதே இடத்தை ஒட்டிப் பல பாலங்கள் வந்துவிட்டன.

மெட்ரோவை விட்டு வெளியே வந்து மார்ட்டின் லூதர் கிங் அவென்யூவில் கொஞ்ச தூரம் நடந்தால், சாலையோரத்தில் ஒரு நாற்காலி நிற்கிறது. உயரம் ஏறக்குறைய 20 அடி! 1959-ல் அங்கிருந்த ஒரு ஃபர்னிச்சர் கடை விளம்பரத்துக்காக வைத்தது. அடுத்த ஆண்டு அந்த நாற்காலியின் மேல் கண்ணாடி வீடு ஒன்றைக் கட்டி, மாடலிங் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அதில் குடியேற்றினார்கள். 42 நாள் அவர் கீழே இறங்கவில்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் அலைமோதியது. கடை போய்விட்டது, நாற்காலி போகவில்லை. மரம் உளுத்துப் போனதும் 2006-ல் அலுமினியத்தில் அதே மாதிரி செய்து வைத்துவிட்டார்கள். வழி கேட்டால் 'பெரிய நாற்காலிக்குப் பக்கத்தில்' என்று சொல்லும் அளவுக்கு அது ஊரின் அடையாளம். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓர் ஊர் முடிவு செய்வதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை போலிருக்கிறது.

லாந்தர் வெளிச்சத்தில் கட்டிய வீடுகள்

இந்த இடம் 1854-ல் 'யூனியன்டவுன்' என்ற பெயரில் புறநகராகத் தொடங்கியது. ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த கடற்படைத் தளத்தின் தொழிலாளிகளுக்காக மனை போட்டார்கள். பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது. கறுப்பினத்தவருக்கும் ஐரிஷ்காரர்களுக்கும் விற்கக் கூடாது.

அந்த நிபந்தனையை உடைத்தவர் சாதாரண ஆள் இல்லை. அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி ஓடி, அமெரிக்காவையே உலுக்கிய பேச்சாளராக உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ். 1877-ல் இங்கே ஒரு குன்றின் மேல் இருந்த வீட்டை வாங்கி, 'சீடர் ஹில்' என்று பெயர் வைத்துக் குடியேறினார். 1895-ல் இறக்கும் வரை அதுதான் அவர் வீடு.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, பக்கத்தில் இன்னொரு ஊர் உருவாகியிருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்காக, 1867-ல் அரசாங்கத்தின் ஒரு பிரிவு 375 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கியது. அதை ஏறக்குறைய ஒரு ஏக்கர் அளவுள்ள மனைகளாகப் பிரித்து, வீடு கட்ட மரமும் சேர்த்துத் தவணையில் விற்றது. பேரி ஃபார்ம் என்று பெயர். வாங்கியவர்கள் பகலெல்லாம் நகரத்துக்குள் கூலி வேலை பார்த்துவிட்டு, இரவில் ஆற்றைத் தாண்டி நடந்துவந்து, லாந்தர் வெளிச்சத்திலும் மூட்டிய நெருப்பின் வெளிச்சத்திலும் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டினார்கள். பெண்களும் பிள்ளைகளும் கூடவே மரம் தூக்கினார்கள். பேரி ஃபார்ம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த கதை இது.

1940-களில் அந்த நிலத்தின் ஒரு பகுதி அரசு குடியிருப்புக்காகப் போயிற்று. நடுவில் பெரிய சாலை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடியது. 1950-களில் இன்னொரு பெரிய மாற்றம். வாஷிங்டனின் தென்மேற்குப் பகுதியில் 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரில் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். சுமார் 23,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். அவர்களில் பலர் வந்துசேர்ந்த இடம் ஆற்றுக்கு இக்கரை. 1954-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பாகுபாடு கூடாது என்றது. வாஷிங்டனுக்கான அந்த வழக்கு, ஆற்றின் இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளால் வந்தது. தீர்ப்புக்குப் பிறகு வெள்ளைக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டை விற்றுவிட்டுப் புறநகருக்குக் கிளம்பின. அவர்களோடு கடைகளும் வேலைகளும் கிளம்பின.

1960-களின் நடுவில் அனகோஸ்டியா நெருக்கமான குடியிருப்பு, நிரம்பி வழியும் பள்ளிகள், ஒழுங்காக அள்ளப்படாத குப்பை என்ற நிலையில் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாலில் உலகத்தின் பொக்கிஷங்கள் இலவசமாகக் காத்திருந்தன. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் அங்கே காலடி வைத்ததே இல்லை.

பறவைகளைத் தேடியவர் தேடிய ஊர்

அப்போது ஸ்மித்சோனியனின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் டில்லன் ரிப்ளி. இந்தியர்களுக்கு இவரைத் தெரிந்திருக்க நியாயம் உண்டு. 'பறவை மனிதர்' சாலிம் அலியோடு சேர்ந்து இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதியவர் அவர்தான். மியூசியம் என்றால் தூசி படிந்த பெட்டிகள் என்ற எண்ணம் அவருக்குப் பிடிக்காது. 1967-ல் மாலின் புல்வெளியில் குழந்தைகளுக்காகக் குதிரை ராட்டினம் வைத்தபோது முகம் சுளித்தவர்கள் உண்டு.

மியூசியத்துக்கு வராதவர்களிடம் மியூசியமே போனால் என்ன என்று அவர் யோசித்தார். ஏதாவது ஒரு பழைய கடையையோ தியேட்டரையோ வாடகைக்குப் பிடிப்பது, ஸ்மித்சோனியனிடம் இருக்கும் பொருட்களில் கொஞ்சத்தை அங்கே கொண்டுபோய் வைப்பது, வழியில் போகிறவர்கள் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் முதல் திட்டம். பெரிய கோயிலிலிருந்து சின்னக் கோயிலுக்குப் பிரசாதம் அனுப்புவது போல.

அதற்கு ஊரைத் தேடியபோது, 'எங்களுக்கு வேண்டும்' என்று முன்வந்து கேட்டவர்கள் அனகோஸ்டியாக்காரர்கள். சும்மா கேட்கவில்லை. மியூசியம் எங்கள் தெருவில் வருவதென்றால், அதில் என்ன இருக்கும், எப்படி இருக்கும் என்பதில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார்கள். ஊர்க்காரர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு அமைந்தது. கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றார்கள். ஒருமுறை வந்தவர்கள் திரும்பி வரவேண்டுமானால் காட்சிகள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். மாலில் வேண்டாம் என்று ஒதுக்கியதையெல்லாம் இங்கே தள்ளிவிடும் கிடங்காக இது ஆகிவிடக்கூடாது என்பதிலும் கவனமாக இருந்தார்கள். பரம்பரையாகப் பழைய துணியே வாங்கி உடுத்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்பு.

மார்ட்டின் லூதர் கிங் அவென்யூவுக்கு அப்போது நிக்கல்ஸ் அவென்யூ என்று பெயர். அதில் 'கார்வர்' என்ற தியேட்டர் மூடிக் கிடந்தது. நிலக்கடலை ஆராய்ச்சியால் புகழ்பெற்ற கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் பெயர் தாங்கிய தியேட்டர். அதுதான் இடம் என்று முடிவாயிற்று. இருக்கைகளைப் பிடுங்கி, தரையைச் சமப்படுத்தி, வண்ணம் பூசும் வேலையில் சுற்றுப்புறத்து இளைஞர்களும் இறங்கினார்கள்.

இயக்குநர் யார்? இங்கேதான் ஸ்மித்சோனியன் வழக்கத்தை விட்டு விலகியது. முனைவர் பட்டம் வாங்கிய மியூசிய நிபுணரைத் தேடவில்லை. ஜான் கினார்ட் என்ற 30 வயது இளைஞர் நியமிக்கப்பட்டார். வாஷிங்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். மத போதகராகப் படித்தவர், ஆப்பிரிக்காவில் தொண்டு செய்தவர், சமூகப் பணியாளர். மியூசியத்தில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. ஆனால் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, திண்ணையில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பாட்டி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கத் தெரியும். தேவைப்பட்ட தகுதி அதுதான் என்று தேர்ந்தெடுத்தவர்கள் கண்டுகொண்டது பெரிய விஷயம்.

1967 செப்டம்பர் 15. திறப்பு விழா. தெருவையே அடைத்துக்கொண்டு பேண்டு வாத்தியம், ஆயிரக்கணக்கில் கூட்டம். உள்ளே போனால் விண்வெளிக் கூண்டின் மாதிரி ஒன்று, பிள்ளைகள் ஏறி உட்காரலாம். 1890-களில் இதே ஊரில் இருந்த மளிகைக்கடையைப் போலவே ஒரு கடை. எலும்புக்கூடுகள், எடுத்துப் பார்க்க இயற்கைப் பொருட்கள் நிறைந்த பெட்டிகள், நாடகம் போட ஒரு சின்ன மேடை. ஒரு மூலையில் உயிருள்ள பிராணிகள்.

சென்னையில் அந்தக் காலத்தில் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். மியூசிய வளாகத்திலேயே தொடங்கிய மிருகக்காட்சி பிறகு தனியாகப் பிரிந்து போனதால் வந்த பெயர்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் கார்வர் தியேட்டரில் திறந்தது இரண்டும் சேர்ந்த காலேஜ்.

சிரித்த சபையும் கேட்ட மியூசியமும்

எலியின் கதைக்கு வரலாம். அதற்கு முன்பு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும்.

மியூசியம் திறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 1967 ஜூலை 20 அன்று, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா வந்தது. நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் எலிகளை ஒழிக்க இரண்டு ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் ஒதுக்கலாமா என்பது கேள்வி. அந்தக் காலத்தில் தூங்கும் குழந்தைகளை எலி கடிப்பது அங்கே சர்வசாதாரணம். தொட்டிலில் பால் வாசனைக்கு வரும். சபையில் என்ன நடந்தது? சிரித்தார்கள். 'சிவில் ரைட்ஸ்' என்பதை 'சிவில் ராட்ஸ்' என்று திரித்துக் கிண்டல் செய்தார்கள். பூனைகளை வாங்கி அவிழ்த்துவிட்டால் போதாதா என்றார் ஓர் உறுப்பினர். மசோதாவை விவாதத்துக்கு எடுக்கவே வேண்டாம் என்று 207 பேரும், எடுக்கலாம் என்று 176 பேரும் வாக்களித்தார்கள். நாடு முழுக்கக் கண்டனம் கிளம்பிய பிறகு, அதே ஆண்டில் வேறு ஒரு சட்டத்தோடு சேர்த்து எலி ஒழிப்புக்கு வழி செய்தார்கள் என்பது தனிக் கதை.

அந்தச் சபை கூடும் கேப்பிட்டல் கட்டடத்துக்கும் அனகோஸ்டியாவுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

இந்தப் பக்கம், மியூசியத்துக்கு வந்துபோன பள்ளிப் பிள்ளைகளோடு அங்கே வேலை செய்தவர்கள் சகஜமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் எலியில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் எலி, எங்கள் தெருவில் எலி, தம்பியைக் கடித்த எலி. வேறு இடமாக இருந்தால் 'சரி சரி, டைனோசரைப் பாருங்கள்' என்று திருப்பிவிட்டிருப்பார்கள். இவர்கள் எலியையே எடுத்துக்கொண்டார்கள்.

1969-ன் கடைசியில் காட்சி திறந்தது. 'எலி: மனிதனே வரவழைத்துக்கொண்ட துன்பம்' என்பது போன்ற தலைப்பு. எலி எங்கிருந்து வந்தது, எப்படிக் கப்பலேறி உலகமெல்லாம் பரவியது, அதன் உடம்பு எப்படி, என்ன தின்னும், எவ்வளவு வேகமாகப் பெருகும், பிளேக்கிலிருந்து எலிக்காய்ச்சல் வரை என்னென்ன நோய்க்கு அது காரணம், அதை எப்படி ஒழிப்பது என்று எல்லாம் விளக்கினார்கள். கூடவே குப்பை சிதறிக் கிடக்கும் ஒரு கொல்லைப்புறத்தை அப்படியே அமைத்து, அதில் நிஜ எலிகளை ஓடவிட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள், அந்தப் பக்கம் எலிகள். இரவில் போர்வைக்குள் சுருண்டு, சத்தத்தை மட்டும் கேட்டுப் பயந்த பிராணியைப் பட்டப்பகலில் நின்று நிதானமாக உற்றுப் பார்க்கும் வாய்ப்பு. மூன்றே வாரத்தில் குட்டி போடும் என்றும், முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால்தான் எதையாவது கொறிக்கிறது என்றும் தெரிந்துகொண்ட பையனுக்கு, எலி பூதமாக இருக்காது. எதிராளியாக இருக்கும். எதிராளியைச் சமாளிக்கலாம்.

தலைப்பில் மட்டும் ஓர் உறுத்தல் உண்டு. 'வரவழைத்துக்கொண்ட' என்றால், யார் வரவழைத்தது? குப்பைத்தொட்டியை மூடாத குடித்தனக்காரரா, ஓட்டையை அடைக்காத வீட்டுச் சொந்தக்காரரா, குப்பை வண்டியை நேரத்துக்கு அனுப்பாத நகரமா? அந்தக் கேள்வியோடு வெளியே வந்தவர்களும் இருந்திருப்பார்கள். மியூசியத்துக்கு அதுவும் நல்லதுதான்.

எலியெல்லாம் மியூசியப் பொருளா என்று கேட்கலாம். ஸ்மித்சோனியனின் விலங்கியல் சேகரிப்பில், பாடம் செய்து இழுப்பறையில் வைத்த எலிகள் ஏராளமாக இருக்கின்றன. லத்தீன் பெயர் எழுதிய சீட்டோடு இருந்தால் அறிவியல், ஏழை வீட்டுக் கொல்லையில் இருந்தால் அருவருப்பு என்பது என்ன நியாயம்?

மக்கள் கருத்துக் கேட்பு என்ற பெயரில் உலகமெங்கும் நடப்பது வேறு. திட்டம் ஏற்கெனவே தயார், படமும் வரைந்தாயிற்று, 'நீலச் சுவரா, பச்சைச் சுவரா?' என்று கடைசியில் ஒரு கேள்வித்தாள் நீட்டுவார்கள். 'உங்கள் மியூசியத்தில் என்ன வேண்டும்?' என்று அந்தப் பிள்ளைகளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தால், ஒரு பிள்ளையும் எலி என்று எழுதியிருக்காது. சிங்கம் என்றோ ராக்கெட் என்றோதான் எழுதியிருக்கும். எலி பேச்சில்தான் வந்தது. பேச நேரம் கொடுத்ததால் வந்தது.

அடுத்தடுத்த காட்சிகளும் அந்த வழியிலேயே போயின. பக்கத்து வர்ஜீனியாவில் இருந்த லார்டன் சிறைச்சாலையைப் பற்றி 1970-ல் ஒரு காட்சி. வாஷிங்டனில் தண்டனை பெற்றவர்களை அங்கேதான் அனுப்புவார்கள். அண்ணனோ அப்பாவோ மாமாவோ உள்ளே இருந்த குடும்பங்கள் இந்தத் தெருக்களில் நிறைய. வெளியே சொல்லக் கூச்சப்பட்ட விஷயம் மியூசியச் சுவரில் ஏறியது. 1972-ல் ஊரின் வளர்ச்சியைப் பற்றியே ஒரு பெரிய காட்சி. பழைய வரலாற்றோடு நிற்காமல் வீடு, வேலை, பள்ளிக்கூடம், போதைப்பொருள் என்று அன்றைய கவலைகளையும் சேர்த்தே பேசியது. பேரி ஃபார்மின் லாந்தர் வெளிச்சக் கதைகளையெல்லாம் பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்யும் வேலையும் நடந்தது. டிரங்குப் பெட்டியில் கிடந்த குடும்ப போட்டோ மியூசியத்துக்கு வரும்போதுதான், அது வரலாறு என்பது வீட்டுக்காரருக்கே தெரியவரும்.

குன்றேறிய மியூசியம்

1987-ல் மியூசியத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடைத்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் தலைநகரைக் காக்க எழுப்பிய கோட்டைகளில் ஒன்றான ஃபோர்ட் ஸ்டான்டன் இருந்த பூங்காவில், மரங்கள் சூழ, அழகான செங்கல் கட்டடம். சேகரிப்புகளைப் பத்திரமாக வைக்க வசதி, காட்சிக்கூடம், எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுதான் குறை. அது கடைத்தெருவில் இல்லை.

கார்வர் தியேட்டர் இருந்தபோது பால் வாங்கப் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் யாராக இருந்தாலும் உள்ளே நுழைந்துவிடலாம். குன்றின் மேல் இருக்கும் இடத்துக்கு அப்படி நுழைய முடியாது. போக வேண்டும் என்று நினைத்துக் கிளம்ப வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். நல்ல கட்டடம் கிடைத்த சந்தோஷத்தில் வாசல்படியை இழந்த கதை பல மியூசியங்களுக்கு உண்டு. இடம் மாறி இரண்டே ஆண்டில், 1989-ல், கினார்ட் காலமானார். வயது 52. இறக்கும்வரை அவர்தான் இயக்குநர்.

பெயரும் சிலமுறை மாறியது. தொடக்கத்தில் 'அக்கம்பக்கத்து மியூசியம்', பிறகு வெறும் அனகோஸ்டியா மியூசியம், நடுவில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றைச் சேர்த்து ஒரு நீளமான பெயர், 2006 முதல் 'அனகோஸ்டியா சமூக மியூசியம்'. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் இது யாருக்கான இடம் என்ற கேள்வி எழுந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். 2016-ல் மாலிலேயே ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கான பிரம்மாண்டமான தேசிய அருங்காட்சியகம் திறந்தபோது கேள்வி இன்னும் கூர்மையானது. பெரியது வந்தபின் சின்னது எதற்கு?

2018-ல் 'நகரத்தின் மீது உரிமை' என்ற காட்சியைத் திறந்தார்கள். மறுபடியும் பழைய வழிதான். வாஷிங்டனின் ஆறு பகுதிகளில் வாழ்கிற மக்களிடம் போய்ப் பேசினார்கள். பள்ளியும் பஸ்ஸும் ரயிலும் கேட்டுப் போராடியவர்கள், வீட்டை இடிக்க வந்தபோது மறித்தவர்கள் ஆகியோரின் வாய்மொழிகள் காட்சியின் உயிர். இந்தத் தலைமுறையின் எலி வாடகை. நகரத்துக்குள் வசதியானவர்கள் திரும்பி வர ஆரம்பித்ததும் மனை விலை ஏறியது. ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கமும் ஏறுகிறது. ஒரு காலத்தில் இங்கே விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கிருந்தும் கிளம்ப வேண்டி வருமோ என்று பயப்படுகிறார்கள். பேரி ஃபார்ம் அரசுக் குடியிருப்பு இடிக்கப்பட்டபோது அதில் வாழ்ந்தவர்கள் போராடி, 2020-ல் ஐந்து கட்டடங்களை மட்டும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கவைத்தார்கள். மற்றவை போயின.

ஒரு நல்ல காரியம். அந்தக் காட்சியின் சிறிய வடிவங்களை நகரத்தின் வெவ்வேறு பொது நூலகங்களிலும் வைத்தார்கள். பேப்பர் படிக்க வந்தவரும் பிள்ளையை அழைத்துவந்த அம்மாவும் தம் பகுதியின் கதையைப் போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போனார்கள். கார்வர் தியேட்டரின் வாசல்படி பல துண்டாகப் பிரிந்து நகரத்துக்குள் திரும்பி வந்த மாதிரி. 2021-ல் உணவைப் பற்றிய காட்சியில் ஒரு பகுதியைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வைத்தார்கள். நல்ல காய்கறிக் கடை ஒன்று பக்கத்தில் இல்லாத குடும்பங்கள் இந்தக் கரையில் ஏராளம். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அது எங்கிருந்து வருகிறது என்பதும் மியூசியத்துக்குரிய விஷயம்தானே.

போக நினைப்பவர்களுக்கு: மாலில் உள்ள மியூசியங்கள் போல இது வாரத்தின் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அனுமதி இலவசம். அனகோஸ்டியா மெட்ரோவிலிருந்து பஸ் உண்டு. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மீதி நேரத்துக்கு, பெரிய நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் டக்ளஸின் சீடர் ஹில் வீட்டுக்குப் போகலாம்.

அந்த வீடு நின்றதற்கும் பின்னால் ஒரு கதை உண்டு. டக்ளஸ் இறந்ததும், உயிலில் சாட்சிக் கையெழுத்து சரியில்லை என்று சிக்கல் வந்தது. அவர் மனைவி ஹெலன் கடன் வாங்கி, மற்ற வாரிசுகளின் பங்கை விலைக்கு வாங்கி, வீட்டை நினைவிடமாக்கினார். அவருக்குப் பிறகு கடன் அடையாமல் வீடு கைவிட்டுப் போகவிருந்த நேரத்தில், கறுப்பினப் பெண்கள் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு நன்கொடை திரட்டி அடைத்தது. அழகுப்பொருள் விற்றுப் பெரும் பணக்காரரான மேடம் சி.ஜே. வாக்கரும் கொடுத்தார், கூலி வேலை செய்த பெண்களும் சில்லறை சில்லறையாகக் கொடுத்தார்கள். 1962-ல் அரசாங்கத்தின் தேசியப் பூங்காத் துறை பொறுப்பேற்கும் வரை அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

படிகள் கொஞ்சம் அதிகம். வயதானவர்கள் நின்று நின்று ஏறலாம். மேலே தாழ்வாரத்தில் நின்றால், கீழே அனகோஸ்டியாவின் கூரைகள், அதற்கு அப்பால் ஆறு, அதற்கும் அப்பால் கேப்பிட்டலின் வெள்ளைக் கோபுரம் தெரிகிறது. 1967-ல் சிரிப்புச் சத்தம் கேட்ட கோபுரம் அதுதான். இங்கிருந்து பார்த்தால் ரொம்பப் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும்.